பனமலைத் தாளகிரீசுவரர் திருக்கோயில்

கோயில் என்னுஞ் சொல் கோவினது இல் எனப் பொருள்படும். அரசன் மனைக்கும் ஆண்டவன் மனைக்கும் நம் முன்னோர் ஒரு பெயரே வழங்கினர். ஆயினும் பல்லவ வேந்தர் தாம் வாழ்ந்த மாளிகைகளுள் இன்று நிமிர்ந்து நிற்பது ஒன்றுமில்லை. மரமுஞ் செங்கல்லுங் கொண்டு எடுக்கப்பட்டன போலும். இறைவனுக்கு அவர்கள் எடுத்த கல்லில்லங்களோ நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, செஞ்சிக்குத் தெற்கே பேரேரியின் அருகுள்ள குன்றின்மேல் விளங்கும் பனமலைத் தாளகிரீசுவரர் திருக்கோயில். தாளம் பனை, கிரி மலை. ஊர்ப்பெயரே வடமொழியில் இறைவன் திருநாமமாயிற்று.

இதனை எடுப்பித்தவன் ஏறத்தாழ 700 முதல் 728 வரை ஆண்ட இராசசிங்கன் என்னும் இரண்டாம் நரசிங்கவர்மன் என்பது இங்குள்ள பல்லவ கிரந்தக் கல்வெட்டால் துணியப்படும். பூசலார் நாயனார் பொருட்டுத் தன் கற்றளியின் குடமுழுக்கு நாளைத் தள்ளிவைத்த காடவர்கோன் இவனே என்பர் அறிஞர் பலர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் கல்வெட்டு இவனைச் சைவ சித்தாந்த நெறியில் நின்று மலமறுத்தவன் எனப் புகழ்கிறது. மெய்கண்டார்க்கு ஏறத்தாழ 500 ஆண்டு முன்னரே அப்பெயர் கல்லிலேறியதை நம்மவர் போதிய அளவு எண்ணிப்பார்த்ததில்லை.

காஞ்சியில் மணற்கல் பொரிந்து உதிர, இங்கே செந்நிறஞ் சார்ந்த வன்கல் 1300 ஆண்டு வெயிலையும் மழையையும் பொறுத்து நிற்கின்றது. சதுரக் கருவறையின் மூன்று புறத்தும் ஒவ்வொரு சிற்றறை ஒட்டியிருத்தல் இதன் தனிச்சிறப்பு. பெருமனையை ஒட்டி மக்கள் மனை நிற்பது போன்ற தோற்றம். உள்ளே பட்டையிட்ட இலிங்கத் திருமேனி, பின்சுவரிற் சோமாஸ்கந்தர். அருவுருவையும் உருவையும் ஒருங்கே வழிபடுமாறு அமைத்தான் என்க.

வடபுறச் சிற்றறையில் உள்ளதே அன்பர் பலருங் காணாது திரும்புவது. அதன் சுவர்களில் ஆடும் பெருமானையும் அவ்வாடலைக் காணும் உமையம்மையையும் பல்லவ ஓவியர் தீட்டினர். பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ரேய் இவற்றை உலகறியச் செய்தார். திருப்பணி என்னும் பெயராற் பழஞ்சுவர்களிற் சுண்ணம் பூசி நாம் இழந்த ஓவியங்கள் வேறு கோயில்களில் எத்தனையோ! இங்கும் பெருமானது ஆடல் பெரிதும் அழிந்து சில கோடுகளாய்த் தேய்ந்துவிட்டது. அம்மை மட்டும், முடியணிந்து, குடைநிழலில், ஒரு காலை மடித்துச் சாய்ந்து, அவ்வெறுஞ் சுவரை நோக்கி நிற்கின்றாள்.