வெட்சி: தீவகத்துப் பூமரம் ஒன்றின் வரலாறு

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தையும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியையும் கடந்துவரும் வீதி குறிகட்டுவானில் முடிகிறது. அப்பால் கடல். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் இவ்விறங்குதுறையிலேயே படகேறுகின்றனர். அம்மனுக்கு உகந்தவை செந்நிறப் பூக்கள் என்பது நம்மவர் நம்பிக்கை. செவ்வரத்தை, செவ்வலரி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது வெட்சி. தமிழகத்தார் இதை இட்லிப்பூ என்பர். மலையாளத்தார் தெச்சி என்பர். சிங்களத்தில் இது ரத்மல். நம்மவரிற் பலர் 'எக்ஸோறா' என்கின்றனர். அது ஆங்கிலச் சொல் என்று எண்ணுவோரும் உளர். உண்மையில் அது நம் கோயில் வாசலிலிருந்து புறப்பட்டுப்போன சொல்.

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் இன்றும் வழங்குகிறது. அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனி மருத்துவராக 1672 இல் இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன், இத்தீவின் செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தி வைத்தார். பின்னர் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் தாவரவியற் பேராசிரியரானார். அவரது சேகரிப்பை ஆராய்ந்தே சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அச்சேகரிப்பு இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. வெட்சிக்கு 'இக்ஸோரா கொக்சினியா' என்ற அறிவியற் பெயரை லின்னேயஸ் 1753 இல் நிலைநிறுத்தினார். 'ஈசுவர' என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் எழுதிய முறையே இக்ஸோரா ஆயிற்று என்பர். கொக்சினியா என்றால் செந்நிறமுடையது.

ஐரோப்பியர் பெயரிடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழர் இப்பூவைக் கொண்டு ஓர் ஒழுக்கத்திற்குப் பெயரிட்டிருந்தனர். பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து போரைத் தொடங்குவது வெட்சித் திணை. அதனைக் குறிஞ்சியின் புறம் என்கிறது தொல்காப்பியம். குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் 99 பூக்களிலும் குறிஞ்சியை அடுத்து நிற்பது வெட்சியே. போரின் தொடக்கத்திற்கு அடையாளமான பூ, தெய்வத்தின் திருவடிக்கும் உரியதாயிற்று.

ஆயினும் மலைச்சாரலுக்குரிய இச்செடிக்குத் தீவகம் எளிதான இடமன்று. வெட்சி அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புவது. நமது மண்ணோ சுண்ணக்கல்லின் மேற் படிந்த மெல்லிய படை. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது. நரம்பு பச்சையாயிருக்க, இளந்தளிர் மஞ்சளாக வெளிறும். கிணற்று நீரோ கோடையில் உவர்க்கும். மாரியில் தண்டை வெட்டி நட்டு, அடியிற் சாணமும் குழையும் தாழ்த்தி, நல்ல தண்ணீரை அளந்து ஊற்றினாலன்றி இங்கு வெட்சி செழிக்காது. அலரி அப்படியன்று, உப்பையும் வறட்சியையும் தாங்கித் தானே நிற்கும். ஆகவே, தீவகத்து முற்றமொன்றில் வெட்சி பூத்து நின்றால், நாள்தோறும் அதற்கு நீர் சுமந்த ஒருவர் அவ்வீட்டில் இருக்கிறார் என்பது பொருள்.

1990, 1991 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் அந்த ஒருவர் இல்லாமற்போனார். புங்குடுதீவு மக்கள் வன்னிக்கும் கொழும்புக்கும், கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து நாடுகளுக்கும் சிதறினர். கூரையிழந்த வீடுகளின் சுவர்கள் எஞ்சின. பராமரிப்பை நம்பி வாழும் பூமரத்திற்கு அத்தகைய வளவில் வாழ்வேது?

இதே பூவை ஒல்லாந்தர் ஆண்ட சூரினாம் நாடு தன் தேசியப் பூவாகக் கொண்டாடுகிறது. அங்கு அதன் பெயர் 'ஃபாயா லோபி'. நெருப்பு போன்ற காதல் என்பது பொருள். புலம்பெயர்ந்த நம்மவர் ஊரை மறந்தவரல்லர். கோபுரம் எழுப்பவும் தேர் செய்யவும் அவர்கள் மனமுவந்து வழங்குகின்றனர். அது போற்றத்தக்கதே. ஆனால் கோபுரத்தைத் தொலைவிலிருந்து பணம் அனுப்பிக் கட்டலாம். வெட்சியை அப்படி வளர்க்க இயலாது. அதற்கு ஊரில் ஆள் வேண்டும். கிணற்றில் நல்ல தண்ணீர் வேண்டும். குளங்களைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குவது, திரும்பி வந்து வாழ விரும்பும் குடும்பத்திற்குத் துணைநிற்பது என்னும் இரண்டும் நடந்தால், அம்மனுக்குரிய பூ அயல் முற்றத்திலேயே பூக்கும்.