கூதிர்க் காலத்துத் திருவிளக்கு

நம் முன்னோர் ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களும் ஆகும். வானம் மூடி நிற்கும், மழை விடாது பெய்யும், வாடைக் காற்று உடலை நடுக்கும், பகற்பொழுதும் சுருங்கும். இருள் மிகுந்த இப்பருவத்திலேதான் தீபாவளியும், கந்த சட்டியும், ஐப்பசி நிறைமதி நாளில் அன்னாபிடேகமும், காவிரியில் துலா நீராடலும், திருக்கார்த்திகை விளக்கீடும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவற்றுள் விளக்கீட்டின் வரலாற்றை மட்டும் ஈண்டுச் சிந்திப்போம். இத்துணை நூற்றாண்டுகளாக அவ்விளக்கை அணையாது காத்த கைகள் எவருடைய கைகள் என்பதே நம் வினா.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை இப்பருவத்தையே பாடுகின்றது. அதனை இயற்றியவர் நக்கீரர். வெள்ளத்திற்கு அஞ்சி ஆநிரைகளை வேற்றிடத்திற்கு ஓட்டிச் சென்ற கோவலர், குளிரால் நடுங்கிக் கைகளை நெருப்பில் காய்ச்சும் காட்சியை அவர் முதலில் காட்டுகின்றார். பின்னர் நகருக்குள் நம்மை அழைத்துச் செல்கின்றார். அங்கே கதிரவன் முகம் காண இயலவில்லை. மாலை வந்ததோ, வரவில்லையோ என்று அறிவது எவ்வாறு? பூந்தட்டில் இட்டு வைத்த பிச்சி அரும்புகள் இதழ் விரிந்து மணக்கின்றன. அம்மணத்தைக் கொண்டே மகளிர் மாலைப்பொழுதை அறிகின்றனர். உடனே இரும்பினாற் செய்த விளக்கில் நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைகூப்பித் தொழுகின்றனர். நாழிகை காட்ட ஞாயிறு இல்லாத நாளிலும் விளக்கேற்றும் வேளையைத் தவறவிடாத அந்த உள்ளப் பாங்கினை எண்ணிப் பாருங்கள். அரசன் ஆணையிட்டு நடந்த செயல் அன்று அது. இல்லத்தின் அன்றாட ஒழுக்கம்.

அவ்வொழுக்கமே ஆண்டுக்கு ஒருமுறை விழாவாக விரிந்தது. மதி நிறைந்து அறுமீனாகிய கார்த்திகையைக் கூடும் இரவில், பழைய ஊர்களின் தெருக்களில் விளக்குகளை ஏற்றி மாலைகளைத் தொங்கவிட்டு மக்கள் மகிழ்ந்த செய்தியை அகநானூற்றில் காண்கிறோம். நற்றிணையோ இத்திங்களை அறம் செய்வதற்குரிய திங்களாகவே குறிக்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் திருமயிலையில் திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய பூம்பாவைத் திருப்பதிகம், ஐப்பசி ஓணத்தை அடுத்துக் கார்த்திகை விளக்கீட்டைப் பேசுகின்றது. அதனை மகளிர் கொண்டாடும் விழா என்றும், அப்பொழுதே தொன்மை வாய்ந்த நாள் என்றும் பிள்ளையார் உரைத்தருளுகின்றார். ஆகவே நம் வினாவிற்கு முதல் விடை கிடைத்துவிட்டது: மனையில் விளக்கேற்றிய மகளிர் கைகள்.

இனித் திருக்கோயிலுக்குள் புகுவோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு என்னும் பெயரைப் பன்முறை காணலாம். இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு என்பது அதன் பொருள். ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் அளிப்பது பெருவழக்கு. முதலாம் இராசராச சோழன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலில், ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள், அன்றி 48 பசுக்கள், அன்றி 16 எருமைகள் என்று கணக்கு வகுத்துள்ளனர். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இறந்த ஆட்டிற்கு ஈடாகப் பிறந்த குட்டி மந்தையில் சேரும், எண்ணிக்கை குறையாது. இதனாலேயே அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்றனர். கொடுத்த மன்னர் பெயரோடு, நெய் அளக்கும் பொறுப்பேற்ற இடையர் பெயரும் தஞ்சைக் கல்லில் பொறிக்கப்பெற்றுள்ளது. நெடுநல்வாடையில் மழையில் நனைந்து நடுங்கிய கோவலர் மரபே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறைவன் திருமுன் ஒளியைக் காத்து நின்றது. இஃது இரண்டாம் விடை.

ஆடும் இல்லை, பொன்னும் இல்லை என்ற நிலையில் விளக்கேற்ற முனைந்தவர் என் செய்தனர்? சேக்கிழார் பெருமான் மூவரைக் காட்டுகின்றார். திருவாரூர் அரநெறியில் மாலைப்பொழுதில் அயல்மனையார் நெய் தர மறுத்து எள்ளியபோது, திருவருள் வழிகாட்டக் குளத்து நீரையே வார்த்து விளக்கெரித்தார் நமிநந்தியடிகள். திருவொற்றியூரில் செக்கர் குலத்துக் கலியநாயனார், செல்வமெல்லாம் கரைந்து, கூலி வேலையும் கிட்டாதபோது, எண்ணெய்க்கு மாறாகத் தம் குருதியையே வார்க்கத் துணிந்தார். தில்லையில் கணம்புல்லர், புல் அரிந்து விற்ற பொருளால் விளக்கிட்டார். புல் விலைபோகாத நாளில் அப்புல்லையே எரித்தார். அதுவும் போதாதபோது தம் திருமுடியையே விளக்காக மூட்டினார். மூவருக்கும் இறைவன் அருளினான். பொருளின் அளவை அன்று, நெஞ்சின் உறுதியையே அவன் ஏற்றான் என்பது இதனால் தெளிவாகும்.

திருவண்ணாமலையில் இம்மூன்று நெறிகளும் ஒன்றுகூடுகின்றன. விடியலில் பரணி தீபம்; மாலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம். அன்பர் அளிக்கும் நெய் கொப்பரையை நிறைக்கின்றது. பருவதராச குலத்தார் வழிவழியாக அத்தீபத்தை ஏற்றுகின்றனர். மலையில் ஒளி தோன்றிய பின்னரே இல்லந்தோறும் அகல்கள் ஒளிர்கின்றன. நோன்பிருந்தோர் உணவு கொள்கின்றனர்.

எனினும் கூதிரின் மழை ஒளிக்கு மட்டும் இடையூறு அன்று. எளியோரின் உயிருக்கும் இடையூறு. 2024 டிசம்பர் 1ஆம் நாள், பெருமழையால் அம்மலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து அடிவாரத்து வீட்டின்மேல் வீழ்ந்தன. எழுவர் மாண்டனர். டிசம்பர் 13ஆம் நாள் தீபத்தின்போது பொதுமக்கள் மலையேறத் தடை இருந்தது. ஏற்றுதற்குரியோர் ஏறித் தீபம் ஏற்றினர். ஒளியைக் கண்டு கைகூப்பிய நாம், அவ்வடிவாரத்து இருளையும் நினைத்தல் வேண்டும். இத்திங்களை அறம் செய்யும் திங்கள் என்று சான்றோர் குறித்ததன் கருத்து அதுவே.

அன்பர்களே, புத்தாடையும் பலகாரமும் விழாவிற்கு அழகே. பொரியுருண்டையும் சொக்கப்பனையும் பிள்ளைகளுக்குப் பெருமகிழ்வே. ஆயினும் அவை ஒரு நாளில் முடிவன. நாள்தோறும் மாலையில் ஏற்றும் ஓர் அகலே இரண்டாயிரம் ஆண்டாக இவ்விழாவைத் தாங்கிவருகின்றது. வருகின்ற ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் மனை வாயிலில் அவ்விளக்கை ஏற்றுங்கள். மழையில் கூரை ஒழுகும் வீடொன்று உங்கள் தெருவில் இருக்குமாயின், அங்கே ஓர் உழக்கு எண்ணெயும் ஒரு படி அரிசியும் கொண்டு சேருங்கள். அவ்வீட்டு விளக்கும் அண்ணாமலையான் திருமுன் எரியும் நந்தா விளக்கே ஆகும்.

திருச்சிற்றம்பலம்.