வேடனில்லாத அழிவு: பாறு கழுகுகளும் டைக்ளோஃபெனாக்கும்

மனிதரால் நேரும் உயிரின அழிவு என்றதும் துப்பாக்கியும் கோடரியும்தான் நினைவுக்கு வருகின்றன. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் வேட்டையையும் வணிகத்தையும் தடுப்பதையே முதன்மையாகக் கொண்டது. தெற்காசியாவின் பாறு கழுகுகளுக்கு நேர்ந்ததை இந்தப் பார்வையால் விளக்க முடியாது. அவற்றை யாரும் குறிவைத்துக் கொல்லவில்லை. நோயுற்ற மாட்டுக்குப் போட்ட ஊசியே அவற்றைக் கொன்றது.

1980கள் வரை வடஇந்திய நகரங்களின் புறத்தே மாட்டுச் சடலங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கூடிய பறவை வெண்முதுகுப் பாறு. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் அதன் எண்ணிக்கை 99.9 விழுக்காடு சரிந்தது. ஆயிரத்தில் ஒன்றே எஞ்சியது. பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் இச்சரிவைப் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் முதலில் பதிவுசெய்தபோது தொற்றுநோய் என்ற ஐயமே வலுவாக இருந்தது. விடை பாகிஸ்தானில் கிடைத்தது. ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸின் குழுவினர் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு இருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததால் வெளியேறாமல் தேங்கிய யூரிக் அமிலம் அது. அப்படி இறந்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25இலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13இல் ஒன்றில்கூட இல்லை. இம்முடிவு 2004இல் வெளியானது.

டைக்ளோஃபெனாக் மலிவான வலிநிவாரணி. பசுவைக் கொல்ல மனம் ஒப்பாத சமூகத்தில், பிழைக்காது என்று தெரிந்த மாட்டுக்கும் வலி தீர ஊசி போடுவார்கள். அது இறந்ததும் சடலம் ஊர்ப்புறத்தில் பாறுகளுக்கு விடப்படும். இரக்கம், மலிவு விலை, பழைய வழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் இப்பேரழிவு நிகழ்ந்தது. மாடு வளர்த்தவரைக் குற்றவாளியாக்குவது அறமுமல்ல, ஆய்வுமுறையுமல்ல. கூட்டமாக உண்ணும் பறவை என்பதால் ஒரே சடலம் பல பாறுகளைச் சாய்க்கும். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த நஞ்சு இருந்தாலே இச்சரிவுக்குப் போதும் என ஆய்வாளர்கள் கணித்தனர். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இனத்தால் அவ்விழப்பை ஈடுகட்ட இயலாது. மிகுதியாக இருக்கும் இனத்துக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை இங்கே தகர்கிறது.

கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் 2006இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. மெலாக்சிகம் என்ற பாதுகாப்பான மாற்றும் கைவசம் இருந்தது. ஆயினும் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்கே போய்ச் சேர்ந்தன. 2015இல்தான் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. பாறுகளுக்கு நஞ்சாகும் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபெனாக் ஆகியவற்றின் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது 2023இல். ஒவ்வொரு மருந்தும் பறவைகளைக் கொன்ற பிறகே விசாரணைக்கு வருகிறது. இதை மருந்துக் கட்டுப்பாட்டின் அடிப்படைப் பிழை என்றே சொல்ல வேண்டும். புதிய மருந்தைச் சோதித்தால் செலவு கூடும், மாடு வளர்ப்போர் பாதிக்கப்படுவர் என்ற மறுப்பு உண்டு. மெலாக்சிகம் இருக்கும்வரை அந்த மறுப்பு நிற்காது.

தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அங்குள்ள காட்டுயிர்க் காப்பகத்தின் எல்லை அவற்றைக் காக்கப் போதாது; இரை தேடி வெகுதொலைவு பறக்கும் பறவைக்கு அந்த எல்லை தெரியாது. கால்நடைகளுக்கான எந்த வலிநிவாரணிக்கும் உரிமம் தருமுன், அது பிணந்தின்னிப் பறவைகளுக்குத் தீங்கற்றது என நிறுவும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சட்டம் சுமத்த வேண்டும்.