பாலமும் நெடுஞ்சாலையும்

நியூயோர்க் நகரத்தில் 1903ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வில்லியம்ஸ்பேர்க் பாலம் உழைப்பாளரின் பாலமாகும். மன்ஹாற்றனின் நெருக்கமான குடியிருப்புக்களில் அல்லலுற்ற யூதக் குடியேற்றவாசிகள் ஆயிரக்கணக்கில் அதன் வழியே புறூக்ளின் கரையில் குடிபுகுந்தனர்.

நகர நிர்மாணத்தில் தனியாட்சி புரிந்த றொபேட் மோசஸ், இப்பாலத்தையும் 1909இல் திறக்கப்பட்ட மன்ஹாற்றன் பாலத்தையும் மேற்கேயுள்ள ஹொலன்ட் சுரங்கப்பாதையோடு இணைக்கும் பெரு நெடுஞ்சாலையொன்றை அமைக்க முனைந்தார். 1956ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய சாலைகளின் செலவில் 90 வீதத்தை மத்திய அரசின் பொறுப்பாக்கியிருந்தது. ஆனால், உண்மையான விலையைக் கொடுக்கவிருந்தோர் யார்? புறூம் வீதியை அண்டி வாழ்ந்த ஏறத்தாழ 2,000 குடும்பங்களும், அங்கிருந்த சிறு தொழிற்சாலைகளை நம்பியிருந்த தொழிலாளருமே!

அம்மக்கள் வாளாவிருந்தாரல்லர். அப்பகுதிக் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரும் எழுத்தாளர் ஜேன் ஜேகப்ஸும் அவர்களோடு நின்றனர். 1962இல் நிராகரிக்கப்பட்ட திட்டம் மீண்டும் தலைதூக்கியது. 1968இல் அது பற்றிய பொது விசாரணையின்போது ஜேகப்ஸ் கைதுசெய்யப்பட்டார். எதிர்ப்பு ஓயவில்லை. 1969இல் மேயர் ஜோன் லின்ட்சே திட்டத்தைக் கைவிட்டார்.

எனினும், வெற்றியைப் போற்றுவதோடு நாம் அமைதியடைதல் தகாது. இடிபடாது தப்பிய தொழிற்சாலைக் கட்டிடங்கள் பின்னர் சோஹோ என்ற பெயரில் செல்வரின் உறைவிடங்களாயின. நெடுஞ்சாலை செய்யத் தவறியதை உயர்ந்துசென்ற வாடகை செய்து முடித்தது. வீடுகளை இடிக்காது தடுத்தல் போராட்டத்தின் முதற்படியே; அவ்வீடுகளில் உழைப்போர் தொடர்ந்து வாழ வழிசெய்தலே அதன் நிறைவு என்பதை நாம் மறத்தலாகாது.