பெத்னல் கிரீன் அம்மாக்களும் டெப்டன் மகள்களும்

வயசானவங்களுக்கு என்ன வேணும்? நல்ல வீடு, நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து மாத்திரை. நம்மில் பலரோட பதில் இதுதான். 1950-களில் லண்டன்லயும் ஏறக்குறைய இப்படித்தான் நினைச்சாங்க. இந்தப் பட்டியல்ல என்ன விட்டுப்போச்சுங்கறதுதான் கதை.

கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன்னு ஒரு பகுதி. மரச்சாமான் செய்பவர்கள், தையல்காரர்கள், துறைமுகத் தொழிலாளிகள் என்று உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். பழைய வீடுகள், பல வீட்டில் குளியலறையே கிடையாது. போதாக்குறைக்கு இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரன் போட்ட குண்டு வேற. போர் முடிந்ததும் லண்டன் கவுண்ட்டி கவுன்சில் நகருக்கு வெளியே புதுக் குடியிருப்புகள் கட்டி மக்களை அனுப்பியது. எசெக்ஸ் பக்கம் இருக்கும் டெப்டன் அதில் ஒன்று. குளியலறை, தோட்டம், நல்ல காற்று... யாருக்குத்தான் கசக்கும்?

1954-ல் மைக்கேல் யங் பெத்னல் கிரீனிலேயே ஒரு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அவரும் பீட்டர் வில்மாட்டும் வீடு வீடாப் போய் விசாரிச்சு எழுதின புத்தகம் 1957-ல் வந்தது. அதில் டெப்டனுக்கு 'கிரீன்லீ' என்று புனைபெயர்.

பெத்னல் கிரீனில் கல்யாணமான மகள் பெரும்பாலும் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பாள். பேரப்பிள்ளையைப் பாட்டி பார்த்துக்குவாங்க, பாட்டிக்கு முடியலைன்னா மகள் பார்த்துக்குவா. தெருவுல இறங்கினா தெரிஞ்ச முகம். அங்கே 44 பேருக்கு ஒரு கடை, 400 பேருக்கு ஒரு பப். கிரீன்லீயிலோ 300 பேருக்கு ஒரு கடை, 5,000 பேருக்கு ஒரு பப்! முக்குக்கடை சாமான் வாங்க மட்டுமா? "என்னம்மா, நேத்து காணோமே"ன்னு கேட்க ஒரு ஆள் இருக்கிற இடமும் அதுதானே.

இத்தனைக்கும் ரெண்டு ஊரும் ஒரே சென்ட்ரல் லைன் ரயில் பாதையில்தான் இருக்கு. ஆனா கைக்குழந்தையோட, தினம் டிக்கெட் எடுத்து அம்மாவைப் பார்க்க யாரால முடியும்?

அதே 1957-ல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் டவுன்சென்ட் இன்னொரு புத்தகம் போட்டார். பெத்னல் கிரீன் முதியவர்கள் 203 பேரைச் சந்தித்து எழுதியது. அதில் அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. தனியாக இருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. ஆள் இல்லாததைவிட, இருந்த ஆளை இழந்ததுதான் மனசை அதிகம் உடைக்கிறது. அந்த இழப்பு துணையின் சாவாக இருக்கலாம், பக்கத்துத் தெருவில் இருந்த மகள் தூரமாகப் போனதாகவும் இருக்கலாம். ஓய்வு பெற்ற ஆண்கள் பாடு இன்னும் மோசம். பெண்களுக்காவது வீடு, பேரன் பேத்தின்னு வேலை தொடர்ந்தது. இவங்களுக்கு வேலை போனதோட மதிப்பும் கூட்டாளிகளும் சேர்ந்தே போச்சு.

யங்கும் வில்மாட்டும் பழைய தெருவை ரொம்ப அழகுபடுத்திட்டாங்கன்னு பின்னாடி விமர்சனம் வந்தது. நியாயம்தான். குளியலறை இல்லாத வீட்டை விட்டுப் போகணும்னு ஆசைப்பட்டவங்களும் அங்கே இருந்தாங்க, அவங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனா புத்தகம் சொன்ன யோசனை சாதாரணமானது: முடிஞ்ச வரைக்கும் பழைய வீடுகளைச் சீர்படுத்துங்க, சொந்தபந்தங்களைப் பிரிக்காதீங்க.

அப்பா அம்மாவைப் புது ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போகும்போது லிஃப்ட் இருக்கா, ஆஸ்பத்திரி பக்கமான்னு பார்க்கிறோம். பார்க்க வேண்டியதுதான். கூடவே அவங்க நடந்து போற தூரத்துல ஒரு கடை, ரெண்டு தெரிஞ்ச மனுஷங்க இருக்காங்களான்னும் பாருங்க. சதுர அடிக் கணக்கில் இதெல்லாம் வராது.