குன்றத்தூர்ச் சேக்கிழாரும் காரைக்கால் அம்மையாரின் மௌனமும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச்செல்லும் பேருந்துகள் இன்று இடைவிடாது ஓடும் குன்றத்தூர், இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராயிருந்த சேக்கிழார் பிறந்த ஊராகும். 12ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய பெரியபுராணத்தைப் பிற சமயத்தாரின் பக்திநூல் என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். பெண்ணின் பேச்சையும் பேசாமையையும் ஆராய்வோர்க்கு அது ஒரு பெருஞ்சான்று.

சேக்கிழாருக்கு ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த காரைக்கால் அம்மையார் தாமே பாடிய 143 பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றில் கணவனைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை, மாங்கனி இல்லை, இல்லறம் இல்லை. தம்மைக் 'காரைக்காற் பேய்' என்றே அவர் அழைத்துக்கொள்கிறார். பரமதத்தன், அதிசய மாங்கனி, அவன் கப்பலேறி அகன்று பாண்டிநாட்டில் மறுமணம் செய்தது ஆகிய யாவும் சேக்கிழார் வழியாகவே நாம் விரிவாக அறிபவை. செவிவழி மரபு ஒன்று அவருக்குத் துணைநின்றிருக்கலாம். எனினும், அம்மையார் வெறுமையாக விட்ட இடத்தைப் பிற்காலத்து அமைச்சர் ஒருவர் மனைவியின் வரலாற்றால் நிரப்பினார் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் சேக்கிழாரை எளிதில் குற்றஞ்சாட்டிவிட முடியாது. கனி எங்கிருந்து வந்தது என்று கணவன் வினவியபோது, இறையருளை வெளியிடலாகாது என்ற எண்ணத்திற்கும், கணவனிடம் மறைத்தல் கற்பன்று என்ற அச்சத்திற்கும் இடையே அப்பெண் நடுங்குவதை அவர் கூர்ந்து காட்டுகிறார். அவளது மௌனம் கேள்வியால் உடைக்கப்பட்டது. பின்னர்க் கணவன் புதுமனைவியோடும் மகளோடும் காலில் விழுந்தபோது, அவனுக்கு அவள் மறுமொழி தரவில்லை. இந்த உடலழகைக் கழித்துப் பேய்வடிவம் தருமாறு இறைவனையே வேண்டுகிறாள். மனிதரிடம் பேசாமையும் அங்கே ஒரு மறுமொழியே.

1988இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையொன்றில் காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக், உடன்கட்டையை 1829இல் தடைசெய்த ஆங்கில ஆட்சியாளரும் அதை ஆதரித்த உள்நாட்டு ஆடவரும் அப்பெண்களுக்காகப் பேசினரேயன்றி, அவர்கள் குரல் எங்கும் கேட்கவில்லை என வாதிட்டார். இவ்வாதம் நம் திருச்சபை வரலாற்றையும் தொடுகிறது. ஆனால் எல்லா மௌனத்தையும் ஒடுக்குமுறை என்றே படிப்பதும் பிழை. அம்மையாரின் மௌனம் அவரே தெரிந்துகொண்டதாகவே தோன்றுகிறது.

பாளையங்கோட்டைக் கிளாரிந்தாவின் காரியம் வேறு. தஞ்சையிலிருந்து வந்த இந்த மராத்தியப் பிராமணக் கைம்பெண், ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்த காலத்தில் ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அவ்வதிகாரி இறந்தபின், 1778இல் கொடுத்தார். 1785இல் அங்கே எழுந்த ஆலயம் அவரது முயற்சியின் பயன். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தை எழுதுவோர் எவரும் அவர் பெயரை விடுவதில்லை. ஆனால், அந்த மறுப்பை அவர் எவ்வாறு ஏற்றார்? நாம் ஆதாரமாகக் கொள்வன பெரும்பாலும் மிஷனெரிமாரின் குறிப்புகளே. அம்மையார்க்கு 143 பாடல்களாவது உண்டு. கிளாரிந்தாவின் வாழ்வை அ. மாதவையா 1915இல் ஆங்கிலப் புதினமாக எழுதினார். அதில் அவர் பேசுவதெல்லாம் மாதவையாவின் சொற்கள்.