ஒளியியல் திசுப்போலிகள்

உயிருள்ள திசுவுக்குள் ஒளி எப்படிப் பரவுமோ அப்படியே தனக்குள்ளும் பரவும்படி செய்யப்பட்ட செயற்கைப் பொருள் ஒளியியல் திசுப்போலி எனப்படும். ஆய்வகங்களில் இதை ‘ஃபேன்டம்’ என்பர். ஒளியால் உடலைப் படமெடுக்கும் கருவிகளை வடிவமைக்கவும், அளவுதிருத்தவும், ஒப்பிடவும் இது பயன்படுகிறது.

தேவை

மார்பகக் கட்டி ஒன்றின் ஆழத்தையும் அதிலுள்ள இரத்தத்தின் அளவையும் கருவி காட்டினால், அந்த விடையைச் சரிபார்க்க உடலுக்குள் அளவுகோல் வைக்க முடியாது. உடலும் நொடிக்கு நொடி மாறுகிறது. திசுப்போலியிலோ சரியான விடை முன்பே தெரியும். ஆகவே கருவியின் பிழையை எண்ணாகச் சொல்லலாம். நோயாளியைத் தொடும் முன்பே குறைகளைக் களையலாம்.

பண்புகள்

ஏறத்தாழ 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளியை ஹீமோகுளோபினும் நீரும் குறைவாகவே உட்கவர்வதால், அது திசுவுக்குள் சில சென்டிமீட்டர் வரை செல்கிறது. ஆனால் வழியெங்கும் சிதறுகிறது. மென்திசுவில் சுமார் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே தன் தொடக்கத் திசையை இழந்துவிடுகிறது. உட்கவர்தல், சிதறல், சுமார் 1.4 ஆன ஒளிவிலகல் எண் ஆகியவற்றில் திசுவை ஒத்திருப்பதே நல்ல போலி.

சேர்மானம்

அடிப்பொருளாக நீர், ஜெலட்டின், அகார், சிலிக்கோன், எப்பாக்சி ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்வர். ஒளியைச் சிதறடிக்க டைட்டானியம் டை ஆக்சைடு தூளையோ, நோயாளிகளுக்கு நரம்புவழி ஊட்டமாகச் செலுத்தப்படும் சோயா எண்ணெய்க் குழம்பான இன்ட்ராலிப்பிடையோ கலப்பர். உட்கவர இந்திய மை அல்லது இரத்தம் சேர்ப்பர்.

அகார் போலி செய்ய, அகார் தூளை நீரில் கலந்து தெளியும் வரை காய்ச்சி, அகார் கூழாக உறையும் வெப்பநிலைக்குச் சற்று மேல்வரை ஆறவிட்டு, இன்ட்ராலிப்பிடையும் மையையும் கிளறிச் சேர்த்து அச்சில் ஊற்றுவர். காற்றுக்குமிழிகளும் ஒளியைச் சிதறடிப்பதால் அவற்றை நீக்கியாக வேண்டும். மை மிகுந்த சிறு உருண்டையை உள்ளே பதித்தால் அது கட்டிக்கு ஈடாகும்.

பயன்பாடுகள்

1991-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழுவினர் அறிமுகப்படுத்திய, திசுவின் அடுக்குகளை ஒளியால் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஒளியியல் ஒத்திசைவு வரைவியல் கருவிகளைத் தடிமன் தெரிந்த அடுக்குப் போலிகளால் சோதிக்கலாம். ஒளித்துடிப்பை உட்கவரும் திசு எழுப்பும் ஒலியைக் கொண்டு படமெடுக்கும் ஒளியொலிப் படமாக்கத்துக்கான போலியில் ஒலியின் வேகமும் மென்திசுவில் உள்ளதுபோல் நொடிக்குச் சுமார் 1540 மீட்டராக இருக்க வேண்டும்.

மூளையின் ஆக்சிஜனை அளக்கும் கருவிகளுக்கு இன்ட்ராலிப்பிடும் இரத்தமும் கலந்த திரவப் போலி உதவுகிறது. அதில் ஈஸ்ட் இட்டால் அது ஆக்சிஜனை உண்டு அளவைக் குறைக்கும். ஆக்சிஜனைக் குமிழ்களாகச் செலுத்தினால் அளவு மீண்டும் உயரும்.

கருமையான தோலில் மெலனின் ஒளியை மிகுதியாக உட்கவர்கிறது. விரலில் மாட்டி ஒளியால் இரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கருந்தோல் நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம் என்பதை 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வெவ்வேறு தோல் நிறங்களுக்கான போலிகளைச் செய்து வடிவமைப்பிலேயே இப்பிழையைச் சோதிப்பது மருத்துவ நியாயம் சார்ந்த கடமையும் ஆகும்.

வரம்புகள்

ஜெலட்டினும் அகாரும் விரைவில் உலர்ந்து பூஞ்சை பிடிக்கும். எப்பாக்சி போலிகள் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். ஆனால் அவற்றின் ஒளிவிலகல் எண் திசுவைவிட அதிகம். எனவே எந்தக் கேள்விக்கு விடை வேண்டுமோ அதற்கேற்பப் பொருளைத் தேர்கின்றனர். போலியில் தேறிய கருவியையும் மனிதரிடம் முறையாகச் சோதித்த பின்னரே மருத்துவத்தில் பயன்படுத்த வேண்டும். போலியிலேயே தவறும் கருவியை அந்தச் சோதனை வரை கொண்டுசெல்லத் தேவையில்லை.